வளக்கு போடுவோம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. சிரித்தவர்களில் அதிகச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

தோ பாயோவில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தலைவர் பேசினார். எந்த நாட்டுத் தலைவர், எந்த மொழியில் பேசினார் என்பதைச் சொல்ல மாட்டேன். சின்னக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லிவிடும் ஒரு சாதாரண வார்த்தையை அவர் வேறு மாதிரி சொன்னார். கடையே சிரித்தது. நான் நெடுங்காலம் வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவன். ழகரத்துக்குச் சம்பளம் வாங்கியவன். என் சிரிப்பில் கொஞ்சம் தொழில் கர்வமும் கலந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்த மாதிரி ஒரு தலைவரைக் கோமாளியாக்கிக் கதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். ஆகவே கதையை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் ஆண்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அந்தக் காலத்து ஆட்கள் யாரும் எழுந்து வந்து என் கதவைத் தட்ட மாட்டார்கள்.

[இடம் எங்கள் ஊர்ச் சிராங்கூன் ரோடு. அது உண்மை. அதிலிருந்து பிரியும் சூளைச் சந்து என் கற்பனை. இனி வரப்போகும் சாலைச் சபை, அதன் தேர்தல், அதன் குமாஸ்தா எல்லாமே கற்பனை. ஆவணக் காப்பகத்துக்குப் போய்த் தேடி, அங்கே இருக்கும் பெண்மணியின் பொறுமையைச் சோதிக்காதீர்கள்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: 'அழகப்பன் வாயைத் திறந்தால் தமிழ் செத்தது.'

என் மனைவி சம்சுன்னிசா பின்னால் நின்று படித்தாள். "தமிள் செத்துருச்சா? அப்ப நீங்க எதுல எளுதிட்டிருக்கீங்க?" என்றாள்.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

சம்சுவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அவள் இந்தக் கதைக்குள் அடிக்கடி வருவாள். அவள் 'பளம்' என்பாள், 'மளை' என்பாள், 'கோளிக்கறி' என்பாள். கல்யாணமான புதிதில் நான் திருத்தப் பார்த்தேன். அவள் வாழைப்பழம் வாங்குவதையே நிறுத்திவிட்டுப் பப்பாளியாக வாங்க ஆரம்பித்தாள். "இதுல உங்க எளுத்து இல்ல. நிம்மதியாச் சாப்பிடுங்க" என்றாள். அதோடு நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: 'சிராங்கூன் ரோட்டில் அன்று காலை முதல் மிதமான மழை பெய்துகொண்டிருந்தது. தென்மேற்குத் திசையிலிருந்து—'

இது வானிலை அறிக்கை. பழக்க தோஷம். இதையும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம் இதுதான், நிற்கிறதா பார்ப்போம்.

3

அழகப்பன் மாட்டுவண்டிக்காரர். சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைகளிலிருந்து ஊரெல்லாம் எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு ஏற்றிப்போன வண்டிகளில் பாதி அவருடையவை. கனத்த உடம்பு, கனத்த மீசை, காளைகளை அதட்டி அதட்டிப் பழகிய தொண்டை. சந்தில் யாருக்காவது பிரசவ வலி கண்டால் முதலில் அவர் வண்டிதான் பூட்டப்படும். சாவு விழுந்தாலும் அவர் வண்டிதான்.

அவருக்கு ழ வராது. எல்லா ழவும் ளவாகிவிடும். தன் பெயரையே அவர் 'அளகப்பன்' என்றுதான் சொல்வார். இதைச் சந்தில் யாரும் கவனித்ததில்லை, ஏனென்றால் பால்காரர், சலவைக்காரர், மளிகைக்காரர் என்று சந்தில் எல்லாருமே அப்படித்தான் பேசினார்கள். அவர் மேடை ஏறிய பிறகுதான் அது ஒரு குற்றமாயிற்று. தெருவில் நம்மைப்போலப் பேசுகிறவன், மேடையில் ஏறியதும் நம்மைப்போலப் பேசக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. மேடையில் நிற்பவருக்கு மாலை போடுகிறோம் அல்லவா, அதற்குத் தகுந்த நாக்கு வேண்டும் என்று தோன்றுகிறதோ என்னவோ.

இதுவரை எழுதிப் பார்த்தால் அழகப்பன் ரொம்ப நல்லவராகத் தெரிகிறார். நான் கோமாளியாக்க வந்தவன். ஆகவே அவருடைய குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவர் பிடிவாதக்காரர். அடுத்தவரைப் பேச விட மாட்டார். யோசனை கேட்பார்; பதில் வருவதற்குள் தானே முடிவெடுத்துவிடுவார். யாராவது திருத்தினால் சத்தத்தைக் கூட்டுவார்.

சாலைச் சபை என்பது ரோடு, சாக்கடை, தெரு விளக்கு ஆகியவற்றைப் பார்த்துக்கொண்ட வெள்ளைக்காரர் சபை. அந்த வருஷம் முதல்முறையாகச் சூளைச் சந்துக்காரர்களும் ஒரு பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம் என்று அறிவித்தார்கள். அழகப்பன் நின்றார். எதிர்த்து நின்றவர் தங்கராஜு.

தங்கராஜு கோர்ட்டுத் துபாஷி. துரைமார் பேசுவதைத் தமிழிலும் தமிழர் பேசுவதை ஆங்கிலத்திலும் மாற்றிச் சொல்வது அவர் வேலை. மெலிந்த உடம்பு, கறுப்புக் கோட்டு, வெள்ளித் தண்டு போட்ட மூக்குக் கண்ணாடி. அவர் 'வாழ்க' என்று சொன்னால் அந்த ழ வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கும். அவரைப் பற்றி ஒரு பக்கம் ஆசையாக எழுதினேன். சம்சு படித்துவிட்டு, "இவரு நீங்கதானே? உங்க கண்ணாடியக்கூட மாட்டி விட்டுட்டீங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தில் பாதியை அடித்துவிட்டேன். கண்ணாடியை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

4

சந்தின் முனையில், ரோட்டைத் தொடும் இடத்தில், அகலமான சாக்கடை ஒன்று திறந்து கிடந்தது. பக்கத்தில் விளக்கு கிடையாது. ஒருநாள் விடிவதற்கு முன் பால் தூக்கிப்போன பழனி அதில் விழுந்தான். பால் போனது, பானைகள் போயின, வலது கால் முறிந்தது. அதற்குப் பிறகு அவன் மனைவி செல்லக்கண்ணுதான் பால் சுமந்தாள். அதே சாக்கடையை, அதே இருட்டில், அவளும் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

அவள் நேராக அழகப்பன் வீட்டுக்குப் போனாள். "அண்ணே, சபைக்காரங்களை யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றாள்.

அழகப்பன் மறுநாளே ஒரு வெள்ளைக்கார வக்கீலைப் பார்த்தார். இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது சந்தையில் பேசும் கொஞ்சம் மலாய்தான். வழக்குப் போடலாம், சபையிடமிருந்து நஷ்ட ஈடும் விளக்கும் வாங்கலாம் என்றார் வக்கீல். பொழுது சாய்ந்த பிறகு தானே வந்து அந்த இருட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், வீட்டுக்கு ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். செல்லக்கண்ணுவிடம் மட்டும் அழகப்பன் விஷயத்தைச் சொன்னார். சந்துக்காரர்களிடம் மேடையில் அறிவித்து எல்லாரையும் அசத்த வேண்டும் என்பது அவர் ஆசை.

குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்தில் கூட்டம் நடந்தது. இரண்டு வேட்பாளர்களும் பேச வேண்டும் என்று ஏற்பாடு. முதலில் தங்கராஜு பேசினார்.

"பேரன்புமிக்க பெரியோர்களே! இருள் என்பது யாது? ஒளியின் இன்மையே இருள். இழிந்த கழிநீர் வழியும் இவ்வழியில்—"

சந்து மரியாதையாகக் கேட்டது. கோயிலில் மந்திரம் சொல்லும்போது கேட்போமே, அந்த மரியாதை. அவர் இறங்கியதும் எல்லாரும் கை தட்டினார்கள். விளக்கு வேண்டும் என்று சொன்னாரா, வேண்டாம் என்று சொன்னாரா என்று பின்வரிசையில் இருவர் பேசிக்கொண்டார்கள்.

அடுத்து அழகப்பன்.

"நான் அளகப்பன். உங்களுக்கெல்லாம் தெரியும். நம்ம பளனி சாக்கடையில விளுந்து கால ஒடிச்சுக்கிட்டான். பொறுத்தது போதும்! இந்தச் சந்துல இருட்டை ஒளிப்போம்!"

தங்கராஜு எழுந்தார். "எங்கே ஒளிப்பீர்கள், தலைவரே? இருட்டை ஒளித்துவைக்க இதைவிட இருட்டான இடம் வேண்டுமே!"

கூட்டம் சிரித்தது. அதே வார்த்தையை அன்று காலை அதேபோலச் சொன்னவர்களும் சிரித்தார்கள்.

அழகப்பனுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினார். "சிரிக்காதீங்கய்யா! நான் ஒரு வளி சொல்றேன்!"

"வளி என்றால் காற்று!" என்றார் தங்கராஜு. இதற்கு யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் யாருக்கும் தெரியாது. கொஞ்சம் ஏமாற்றத்தோடு உட்கார்ந்தார்.

அழகப்பனுக்கு மீசை துடித்தது. கையை உயர்த்திக் கத்தினார். "நாளைக்குப் பொளுது சாயிறப்ப, வீட்டுக்கு ஒரு ஆளு, சந்து முனைக்கு வந்துருங்க! எல்லாரும் சேந்து வளக்கு போடுவோம்! நாம போடுற வளக்குல சபைக்காரன் கண்ணு கூசணும்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. திடலில் காற்று வேறு. பக்கத்தில் மாடுகளின் கழுத்து மணி வேறு. பின்னால் நின்ற மளிகைக்கடைக் காதர் மைதீன் பக்கத்திலிருந்தவரிடம், "நல்ல யோசனை. வெளக்கு போட்டாத்தான் அவனுங்களுக்கு ஒறைக்கும்" என்றார். சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்த் தகரங்களை முன்னால் எடுத்துவைக்கக் கடைக்கு ஓடினார்.

[வழக்கு, வளக்கு, வெளக்கு. இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். செய்தி வாசிப்பவனாக இருந்தால் முதலாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஒரு கடலே இருக்கிறது என்பேன். பின்வரிசையில் காற்றுக்கும் மணிச் சத்தத்துக்கும் நடுவே நிற்பவனுக்கு அந்தக் கடல் ஒரு சாக்கடை அகலம்கூட இல்லை.]

5

மறுநாள் பொழுது சாயும் நேரம் அழகப்பன் இரவல் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு சந்து முனையில் வக்கீலுக்காகக் காத்திருந்தார். கோட்டின் பொத்தான்கள் வயிற்றைச் சுற்றி வர மறுத்தன.

முதலில் ஒரு லாந்தர் வந்தது. பிறகு இரண்டு. பிறகு சந்தின் உள்ளேயிருந்து வெளிச்சம் ஆறு மாதிரி கிளம்பி வந்தது. அகல் விளக்கு, குப்பி விளக்கு, கண்ணாடிக் கூண்டு விளக்கு, மாட்டுக் கொட்டகையில் தொங்கும் புகைபிடித்த விளக்கு. கொண்டுவந்தவர்கள் அவற்றைச் சாக்கடைக் கரையில் வரிசையாக வைத்தார்கள். இடம் போதாமல் வண்டிகளின் மேலும் வைத்தார்கள்.

"என்னய்யா இது? கார்த்திகையா?" என்றார் அழகப்பன்.

"நீங்கதாண்ணே வெளக்கு போடச் சொன்னீங்க?" என்றார் காதர் மைதீன்.

"நான் எப்பய்யா சொன்னேன்? வளக்கு போடச் சொன்னேன்!"

"அதான் போட்டுட்டமே."

"வெளக்கு இல்லய்யா. வளக்கு! வ... ள... க்கு!"

"நானும் அதையேதான் சொல்றேன்ணே!"

அழகப்பன் காளையைப்போல மூச்சு விட்டார். ஆனால் திரும்பி முனையைப் பார்த்தார். அந்த முனையை அவர் வெளிச்சத்தில் பார்த்தது பகலில் மட்டும்தான். பகலில் அங்கே யாரும் நின்று பேசுவதில்லை. இப்போது பெண்கள்கூடக் கூட்டமாக வந்து நின்றார்கள். ஒருத்தி இன்னொருத்தியிடம், "ஒன் சேலை பச்சையா? நான் இத்தனை நாளாக் கறுப்புன்னுல நெனச்சேன்" என்றாள்.

விளக்கு இல்லாமல் வந்தது செல்லக்கண்ணு மட்டும்தான். கட்டுப்போட்ட காலோடு பழனியைத் தள்ளுவண்டியில் உட்காரவைத்து அழைத்து வந்திருந்தாள், சாட்சிக்கு.

தங்கராஜுவும் வந்தார். கூத்து நடக்கப்போகிறது என்ற செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

6

ரிக்ஷாவிலிருந்து இறங்கிய வக்கீல் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "இருட்டு எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

அழகப்பனுக்குத் தெரிந்த மலாயில் இதை விளக்க முடியவில்லை. சுண்ணாம்பு விலை பேசும் மலாய் அது. வக்கீல் தங்கராஜுவை அடையாளம் கண்டுகொண்டு, என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இந்த இடத்தில் தங்கராஜு சுருக்கமாகச் சொல்லியிருக்கலாம். எனக்கும் அதுதான் வசதி. ஆனால் அவர் நான் சொல்வதைக் கேட்கவில்லை. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். "வழக்கு. விளக்கு. கேட்டீர்களா?"

வக்கீல் முயன்றார். "வலக்கு. வலக்கு. இரண்டும் ஒன்றுதானே?"

சந்தே வெடித்துச் சிரித்தது. அழகப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொரைக்கு நாக்கே வரலய்யா!" என்றார். இரவல் கோட்டில் ஒரு பொத்தான் தெறித்தது.

சிரிப்பு அடங்கியதும் வக்கீல் சொன்னதைத் தங்கராஜு தமிழில் சொன்னார். "இருட்டைக் காட்டவே தம்மை அழைத்ததாகவும், தாம் இந்நகரில் கண்ட தெருக்களிலேயே வெளிச்சமானது இதுதான் என்றும் துரை கூறுகிறார். சபையின் வக்கீல் கேட்டால் பொய் சொல்ல இயலாதாம். வழக்கு இல்லை."

வக்கீல் ரிக்ஷாவை நோக்கி நடந்தார். செல்லக்கண்ணு தள்ளுவண்டியை விட்டுவிட்டு அழகப்பன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒங்களுக்கு ஒரு எளுத்து. எங்களுக்கு ஒரு காலு."

[இதற்குப் பிறகு அவளுக்கு நீளமாக ஒரு பேச்சு எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். இதற்கு மேல் அவள் சொல்வதற்கு ஒன்றுமில்லை.]

திருத்தினால் சத்தத்தைக் கூட்டும் அழகப்பன், இப்போது சத்தத்தைக் குறைத்தார். "தப்புத்தான் தாயி," என்றார். பிறகு ஓடிப்போய் ரிக்ஷாவின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "துவான்! துவான்! நில்லுங்க!" என்று மலாயும் தமிழுமாகத் துரையைக் கூப்பிட்டுவிட்டுச் சந்தின் பக்கம் திரும்பினார். "அணைங்க! எல்லாத்தையும் ஊதி அணைங்க! தொரை இருட்டைப் பாக்கட்டும்!"

மனசில்லாமல்தான் அணைத்தார்கள். பச்சைச் சேலை மறுபடி கறுப்பாயிற்று. கடைசி லாந்தரையும் ஊதியபோது எதிரே நிற்பவரின் முகம்கூடத் தெரியவில்லை. அந்த இருட்டில் தங்கராஜுவின் குரல் மட்டும் வக்கீலுக்கு இன்னும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. "பாருங்கள், நுனிநாக்கைச் சற்றே பின்னுக்கு இழுத்து, மேலே தொடாமல், ழ—"

தொப்பென்று ஒரு சத்தம். பிறகு சேறு கலங்கும் சத்தம்.

"விளுந்துட்டாரு!" என்று கத்தினார் அழகப்பன். "துபாஷி விளுந்துட்டாரு! வெளக்கு! வெளக்கு கொண்டாங்க!"

யாரும் நகரவில்லை. இப்போதுதான் திட்டு வாங்கியிருந்தார்கள்.

"அண்ணே," என்றார் காதர் மைதீன் தயங்கி, "எந்த வெளக்கு?"

"வெளக்குய்யா!"

"அதான், கோர்ட்டுல போடுறதா, இங்க எரியிறதா?"

சாக்கடைக்குள்ளிருந்து, வலியோடும் பிழையில்லாமலும், ஒரு குரல் வந்தது. "விளக்கு! ளகரம்! ளகரமய்யா! எரிவது!"

அதற்குள் அழகப்பன் இரவல் கோட்டோடு உள்ளே குதித்திருந்தார்.

7

சம்சு இந்த இடத்தில் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு, "பாவம்லா அந்த ஆளு, கை ஒடிஞ்சிருக்குமே" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தங்கராஜுவுக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது.

வண்டிக் கயிற்றைக் கட்டி அவரை மேலே தூக்கினார்கள். அழகப்பன் தன் வண்டியிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழி நெடுக இருவரும் பேசவில்லை என்று முதலில் எழுதினேன். அது அவ்வளவு சரியாகப் படவில்லை. இப்படி இருந்திருக்கலாம்:

"ரொம்ப வலிக்குதாய்யா?"

"ஆம்."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க. இந்த முக்குல ஒரு குளி இருக்கு, வண்டி தூக்கிப் போடும்."

தங்கராஜு திருத்தாமல், நல்ல கையால் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வண்டி தூக்கிப் போட்டது.

வக்கீல் தன் கண்ணாலேயே இருட்டைப் பார்த்துவிட்டார், காதாலும் கேட்டுவிட்டார். வழக்குப் போட்டார். பழனியோடு தங்கராஜுவும் அதில் ஒரு வாதி. கோர்ட்டில் விசாரணைக்கு வருவதற்குள் சாலைச் சபை சாக்கடைக்கு மேல் பலகை போட்டது. முனையில் ஒரு விளக்குக் கம்பம் நட்டது. பழனிக்கு நஷ்ட ஈடும் கொடுத்தது. செல்லக்கண்ணு அதில் ஓர் எருமை வாங்கினாள்.

"அப்ப நீங்க என்ன சொல்ல வர்றீங்க?" என்றாள் சம்சு. "தலைவருங்க சரியாப் பேசணும்னு சொல்றீங்களா, எப்படிப் பேசினாலும் பரவாயில்லைன்னு சொல்றீங்களா?"

நான் யோசித்தேன். அழகப்பன் சரியாகச் சொல்லியிருந்தால் வழக்கு அன்றைக்கே ஒழுங்காக ஆரம்பித்திருக்கும், ஒரு மணிக்கட்டு தப்பியிருக்கும். தவறாகச் சொன்னதால் செல்லக்கண்ணுவின் வழக்கு நடுத்தெருவில் சாகப் பார்த்தது. ஆனால் அந்தத் தவறினால்தான் சந்து ஒரு மாலை முழுக்க வெளிச்சமாக நின்றது. இவற்றைக் கூட்டிக் கழித்து ஒரு தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செய்தி வாசிப்பவனுக்குத் தீர்ப்பை வாசிக்கத்தான் தெரியும்.

"தெரியலையா? அப்ப ஏன் எளுதுறீங்க? போய் மீனு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

8

தேர்தல் நாள். மீன் வாங்கிவைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

ஓட்டுப் போடும் முறை எளிமையானது. மேசைமுன் போய் நிற்க வேண்டும். யாருக்கு ஓட்டு என்று குமாஸ்தா கேட்பார். வாயால் பெயரைச் சொல்ல வேண்டும். அவர் எழுதிக்கொள்வார். சந்துக்காரர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது என்பதால் சபை இப்படி வைத்திருந்தது. குமாஸ்தா மதராஸிலிருந்து கப்பலில் வந்து இறங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. தமிழில் முதல் வகுப்பில் தேறியவர்.

காதர் மைதீன் முதலில் போனார்.

"யாருக்கு?"

"அளகப்பண்ணனுக்கு."

குமாஸ்தா காகிதத்தைப் பார்த்தார். "அப்படி ஒருவர் போட்டியிடவில்லை. அடுத்த ஆள்."

பழனி கோல் ஊன்றிப் போனான். "அளகப்பன்."

"இல்லை. அடுத்த ஆள்."

வாசலில் கலவரமாயிற்று. சந்து முழுக்க நாக்கை மடித்துப் பழக ஆரம்பித்தது. அயகப்பன், அரகப்பன், அஷகப்பன் என்று விதவிதமான மனிதர்கள் காற்றில் பிறந்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. இன்னொருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். தங்கராஜு என்ற பெயரில் எந்தச் சிக்கலும் இல்லாததால், அவருக்கு விழுந்த கொஞ்ச ஓட்டுகள் மட்டும் அழகாகப் பதிவாயின.

கடைசியில் வேட்பாளரே உள்ளே போனார்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்யா. அளகப்பனுக்கு."

"அப்படி ஒருவர் இல்லை."

"நான்தான்யா அது! முன்னால நிக்கிறேன், தெரியலையா?"

"நீங்கள் யார் என்பது எனக்குத் தெரிகிறது, ஐயா," என்றார் குமாஸ்தா பணிவாக. "நீங்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை."

அழகப்பன் வாசலில் வந்து படியில் உட்கார்ந்தார். கத்தவில்லை. செல்லக்கண்ணு, ஓட்டு இல்லாதவள், எருமையைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்தாள். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு தங்கராஜு வந்துகொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் அழகப்பனின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூடிய ஒரே வாக்காளர் அவர்தான்.

கூட்டம் விலகி வழிவிட்டது. குமாஸ்தா எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

9

முடிவு ஒன்று: தங்கராஜு தன் பெயரைச் சொல்கிறார். ஜெயிக்கிறார். அதில் தப்பு ஒன்றுமில்லை; வேட்பாளர் தனக்கே ஓட்டுப் போடுவது ஊர் வழக்கம். சபையில் அவர் பேசும்போது வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கேட்கிறார்கள். சந்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: 'அழகப்பன்' என்கிறார். சுத்தமான ழ. அழகப்பனுக்கு ஒரே ஒரு ஓட்டு, அதுவும் எதிரி போட்டது. கேட்கக் கண் கலங்கும். ஆனால் அழகப்பன் அப்போதும் தோற்றுத்தான் போவார். எனக்கு இது பிடித்திருந்தது, சம்சுவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு ஓட்டை வச்சு என்ன பண்றது, ஊறுகா போடுறதா?" என்றாள்.

மூன்றாவது முடிவை அவள்தான் சொன்னாள். மீன் குழம்பைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். "உங்க தொபாஷிய 'அளகப்பன்'னு சொல்லச் சொல்லுங்களேன். அவரு சொன்னா அந்தக் கிளார்க்கு தப்புன்னு சொல்லிருவானா? அவரே அப்படிச் சொன்னா, எல்லாரும் சொன்னதும் சரின்னு ஆயிரும்லா?"

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை நாள் எழுதிய எனக்கு அது தோன்றவே இல்லை.

உடனே எழுத உட்கார்ந்தேன். 'தங்கராஜு வாயைத் திறந்து, அள—' என்பதோடு நின்றுவிட்டது. அவரால் முடியுமா என்று சந்தேகம் வந்தது. வாழ்நாளில் ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லாதவர். கண்ணாடி முன் நின்று நானே ளகரத்தோடு சொல்லிப் பார்த்தேன். அழகப்பன். இன்னொரு முறை, வேண்டுமென்றே. அழகப்பன். என் நாக்கு தானாகப் பின்னால் போய்ச் சுருண்டுகொள்கிறது. அடுப்படியிலிருந்து சம்சு கேட்டுக்கொண்டிருந்தாள். "வரலையா?" என்றாள், கல்யாணமான புதிதில் நான் அவளிடம் கேட்ட அதே கேள்வியை, என்னைவிட மென்மையாக.

எனக்கு வரவில்லை. ஆகவே இதை நான் முடிக்க முடியாது.

குமாஸ்தா பேனாவை மையில் தோய்த்துவிட்டார். "யாருக்கு?" என்று கேட்டும் விட்டார். தங்கராஜு நல்ல கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிற்கிறார். வாசலில் நாக்கை மடித்துக்கொண்டிருந்த எல்லாரும் அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே பார்க்கிறார்கள்.

அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். எந்தப் பெயரை, எந்த எழுத்தோடு என்பது உங்கள் விருப்பம். மனசுக்குள் சொன்னால் போதாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்க வேண்டும்.